கணினியில் ப்ளூ-ரே படங்களைப் பார்க்க எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது?

வைகைக்கரை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம்.

பல ஆண்டுகளாகச் சேர்த்த ப்ளூ-ரே வட்டுகளை இதுவரை தொலைக்காட்சியுடன் இணைத்த தனி பிளேயரில்தான் பார்த்துவந்தோம். அது பழுதாகிவிட்டது, உதிரிப் பாகமும் கிடைக்கவில்லை. எனவே கணினியிலேயே பார்க்கலாம் என்று யு.எஸ்.பி. வழியே இணைக்கும் ப்ளூ-ரே டிரைவ் ஒன்றை வாங்கியிருக்கிறேன். கணினி அதை உடனே அடையாளம் கண்டுகொண்டது. வட்டில் உள்ள கோப்புறைகளும் திரையில் தெரிகின்றன. ஆனால் படம் மட்டும் ஓடவில்லை. டிரைவுடன் தரப்பட்ட மென்பொருள் டிவிடியை ஓட்டுகிறது, ப்ளூ-ரே வட்டைப் போட்டால் மேல்பதிப்பை வாங்கச் சொல்கிறது. நான் வழக்கமாகப் பயன்படுத்தும் இலவச பிளேயரோ, வட்டின் பூட்டைத் திறப்பதற்கான நூலகம் (துணை நிரல்) கணினியில் இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது.

என்னிடம் இருப்பது 12-ஆம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5 செயலி, 16 ஜிபி நினைவகம், விண்டோஸ் 11. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. மானிட்டர் 1080 வரிகளைக் காட்டக்கூடியது. கூடத்தில் 4கே தொலைக்காட்சியும் அதனுடன் ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் ஏ.வி. ரிசீவரும் உள்ளன, கணினியை எச்.டி.எம்.ஐ. வடம் மூலம் அவற்றுடனும் இணைக்க முடியும். வட்டுகளில் பெரும்பகுதி இந்தியாவில் வாங்கியவை. லண்டனில் இருக்கும் தமக்கை அனுப்பிய இயற்கை ஆவணத் தொடர்களும், சிங்கப்பூரில் வாங்கிய சில படங்களும், இரண்டே இரண்டு 4கே வட்டுகளும் உண்டு. என் தாயாருக்குச் செவித்திறன் குறைந்துவிட்டதால் சப்டைட்டில் தெளிவாகவும் பெரிதாகவும் தெரிய வேண்டும் என்பது எனக்கு மிக முக்கியம்.

பணம் கொடுத்து மென்பொருள் வாங்குவதற்குத் தயக்கமில்லை. ஆனால் வாங்கிய பிறகு என் வட்டுகள் எல்லாம் ஓடுமா, இலவச மென்பொருளால் ஆகாதது அதில் என்ன கிடைக்கும் என்பதை அறிந்த பிறகே வாங்க விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

கொங்கு இசைப்பிரியன் எழுதியது:

வணக்கம் ஐயா. வட்டைப் போட்டவுடன் மெனு வர வேண்டும், வீட்டில் உள்ள அனைவரும் பயன்படுத்த வேண்டும் என்றால் உரிமம் பெற்ற மென்பொருளே ஏற்றது. விண்டோஸில் அந்த வகையில் நீண்டகாலமாக நிலைத்திருப்பது தைவானைச் சேர்ந்த சைபர்லிங்க் நிறுவனத்தின் பவர்டிவிடி. கோரல் நிறுவனத்தின் வின்டிவிடி ப்ரோவும் உண்டு. பவர்டிவிடியின் எல்லாப் பதிப்புகளும் ப்ளூ-ரேயை ஓட்டுவதில்லை என்பதால், பெயரை மட்டும் பார்த்து விலை குறைந்த பதிப்பை வாங்கிவிடாதீர்கள்; ‘அல்ட்ரா’ என்ற பதிப்பில் அந்த வசதி உண்டு. வாங்குவதற்கு முன் நிறுவனத்தின் ஒப்பீட்டு அட்டவணையில் ‘ப்ளூ-ரே’ என்ற வரியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

---

திரைக்கூடம் எழுதியது:

வைகைக்கரை அவர்களுக்கு வணக்கம். உங்கள் கேள்விக்கு மென்பொருளின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போவது போதாது என்று நினைக்கிறேன். ப்ளூ-ரேயைப் பொறுத்தவரை எந்த மென்பொருள் நல்லது என்பதைவிட, எந்த மென்பொருளிடம் இன்று செல்லுபடியாகும் சாவி இருக்கிறது என்பதுதான் முதன்மையான கேள்வி.

2006-இல் ப்ளூ-ரே விற்பனைக்கு வந்தபோதே ஏ.ஏ.சி.எஸ். என்ற பூட்டு முறையும் உடன் வந்தது. டிஸ்னி, வார்னர் பிரதர்ஸ், சோனி, பானாசோனிக், தோஷிபா, இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்கள் கூடி வடிவமைத்த முறை அது. வட்டில் உள்ள படம் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவியை, உரிமக் கட்டணம் செலுத்தி நிபந்தனைகளை ஏற்கும் பிளேயர்களுக்கு மட்டுமே தருவார்கள். டிவிடியின் பூட்டு ஒருமுறை உடைந்ததும் எல்லா டிவிடிகளும் திறந்துகொண்ட அனுபவத்திலிருந்து பாடம் கற்று, இந்த முறையில் சாவியைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். ஏதாவது ஒரு பிளேயரின் சாவி வெளியே கசிந்தால், அதன் பிறகு அச்சாகும் வட்டுகள் அந்தச் சாவியை ஏற்காது. 2007 ஏப்ரலில் இது உண்மையாகவே நடந்தது: கணினி பிளேயர்களின் சாவிகள் கசிந்ததால் அவை செல்லாதவையாக்கப்பட்டன, வின்டிவிடி போன்றவற்றை வைத்திருந்தவர்கள் புதுப்பிப்பை நிறுவிய பிறகே புதிய படங்களைப் பார்க்க முடிந்தது.

உங்கள் டிரைவுடன் வந்த மென்பொருள் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. டிரைவுடன் இலவசமாகத் தரப்படும் பதிப்புகள் பெரும்பாலும் வசதி குறைந்தவை. ப்ளூ-ரேக்கான உரிமத் தொகையை யாராவது ஒருவர் செலுத்தியாக வேண்டும். விண்டோஸில் ப்ளூ-ரே படங்களை ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் ஒருபோதும் உள்ளடக்கவில்லை. விண்டோஸ் 8-லிருந்து டிவிடி ஓட்டும் வசதியையே இயல்பாகத் தருவதை நிறுத்திவிட்டார்கள். ஆப்பிள் கணினிகளிலும் அந்த வசதி வந்ததே இல்லை. 2008-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ப்ளூ-ரே உரிமச் சிக்கல்களை வெளிப்படையாகவே கடிந்து பேசினார்.

ஆகவே கட்டண மென்பொருளை வாங்கும்போது நீங்கள் வாங்குவது ஒரு நிரலை மட்டுமல்ல, அந்த நிறுவனம் சாவியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் என்ற உறுதியையும் சேர்த்துத்தான். ஒரு காலத்தில் பலர் விரும்பிப் பயன்படுத்திய ஆர்க்சாஃப்ட் நிறுவனத்தின் டோட்டல் மீடியா தியேட்டர் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட பிறகு, அதை வாங்கியவர்களுக்குப் புதிய வட்டுகளுக்கான புதுப்பிப்பு கிடைக்க வழியில்லாமல் போயிற்று. புதிய பதிப்பு வந்தபின் பழைய பதிப்புக்கு எவ்வளவு காலம் புதுப்பிப்பு தருவார்கள் என்று கேட்டு, எழுத்தில் விடை வாங்கிக்கொண்டு பணம் செலுத்துங்கள். ஆண்டுச் சந்தாவாக வாங்குவதா, ஒரே முறை பணம் கட்டி வாங்குவதா என்பதையும் அந்த விடையைப் பார்த்தே முடிவுசெய்யலாம். இனி புதிய வட்டுகள் அதிகம் வாங்கப் போவதில்லை, இருப்பவற்றைப் பார்த்தால் போதும் என்றால் ஒரே முறை வாங்குவதே சிக்கனம்.

கணினியின் வலிமை குறித்துக் கவலை வேண்டாம். சாதாரண ப்ளூ-ரேயில் படம் நொடிக்கு அதிகபட்சம் 40 மெகாபிட் வேகத்தில் பதிவாகியிருக்கும், எம்பெக்-2, வி.சி.-1, எச்.264 என்ற மூன்று கோடெக்குகளில் (படத்தைச் சுருக்கும் முறைகளில்) ஒன்றைத்தான் பயன்படுத்தியிருப்பார்கள். உங்கள் செயலியுடன் உள்ள கிராஃபிக்ஸே இதை எளிதாகக் கையாளும். டிரைவ் மட்டும் மெலிந்த வகையாக இருந்தால், அதைக் கணினியின் பின்புறத்தில் உள்ள யு.எஸ்.பி. 3.0 துளையில் நேரடியாக இணையுங்கள். இடையில் ஹப் வைத்தால் மின்சாரம் போதாமல் வட்டு சுழன்று சுழன்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதை மென்பொருளின் கோளாறு என்று பலர் தவறாக எண்ணிவிடுகிறார்கள்.

---

நான்காம் அலைவரிசை எழுதியது:

திரைக்கூடம் எழுதியதற்குத் துணையாக, அந்த இரண்டு 4கே வட்டுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவற்றை உங்கள் கணினியில் உரிமம் பெற்ற மென்பொருள் எதைக் கொண்டும் ஓட்ட முடியாது. அதற்காக ஒரு ரூபாயும் செலவிடாதீர்கள்.

கறுப்பு உறையில் வரும் அல்ட்ரா எச்.டி. ப்ளூ-ரே 2016-இல் அறிமுகமானது. அதற்கு ஏ.ஏ.சி.எஸ். முறையின் இரண்டாம் வடிவத்தை வைத்தார்கள். கணினியில் அதைத் திறக்கும் வேலை, செயலிக்குள்ளேயே தனித்துப் பாதுகாக்கப்பட்ட ஒரு பகுதியில்தான் நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்டெல் செயலிகளில் எஸ்.ஜி.எக்ஸ். என்ற பெயரில் இருந்த அமைப்பு அதற்குப் பயன்பட்டது. 2017-இல் பவர்டிவிடி 17 இந்த வசதியுடன் வந்தபோது 7-ஆம் தலைமுறை இன்டெல் செயலி, எஸ்.ஜி.எக்ஸ். இயக்கப்பட்ட மதர்போர்டு, செயலியுடன் உள்ள இன்டெல் கிராஃபிக்ஸ், எச்.டி.சி.பி. 2.2 என்ற நகல் தடுப்பு முறை கொண்ட திரை, அங்கீகரிக்கப்பட்ட டிரைவ் ஆகிய அனைத்தும் ஒருங்கே தேவைப்பட்டன. ஒன்று குறைந்தாலும் படம் வராது. பிறகு இன்டெல் தன் 11-ஆம் தலைமுறை முதல் வீட்டுக் கணினிச் செயலிகளிலிருந்து எஸ்.ஜி.எக்ஸ்.-ஐ நீக்கிவிட்டது. உங்களுடையது 12-ஆம் தலைமுறை என்பதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. புதிய கணினியில் ஓடாத படம் பழைய கணினியில் ஓடும் என்ற நிலை நுகர்வோருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நான் கருதுகிறேன். முழு விலை கொடுத்து வட்டு வாங்கியவர் செய்த குற்றம்தான் என்ன?

ஐயம் இருப்பவர்கள் சைபர்லிங்க் இலவசமாகத் தந்துவந்த அல்ட்ரா எச்.டி. ப்ளூ-ரே அட்வைசர் என்ற சிறு நிரல் இன்னும் கிடைத்தால் அதை ஓட்டிப் பார்க்கலாம். எந்த உறுப்பு தகுதி பெறவில்லை என்பதை அது வரிசையாகக் காட்டிவிடும்.

உங்களுக்கு 4கே தொலைக்காட்சி இருப்பதால் 4கே வட்டுகளுக்குத் தனி பிளேயரே பொருத்தம். வீட்டில் பிளேஸ்டேஷன் 5 வட்டுப் பதிப்போ, வட்டு டிரைவ் உள்ள எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸோ இருந்தால் அவையே 4கே வட்டுகளை ஓட்டும். பிளேஸ்டேஷன் 4 ப்ரோ ஓட்டாது. உறையை ஒருமுறை திறந்து பாருங்கள்: 4கே பதிப்புகளுடன் அதே படத்தின் சாதாரண ப்ளூ-ரே வட்டையும் சேர்த்து வைப்பது வழக்கம். அது இருந்தால் கணினியில் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

---

கட்டற்ற கணினியன் எழுதியது:

நண்பரே, இலவச வழியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் எழுதுகிறேன். நான் லினக்ஸில் பார்ப்பவன். ஆனாலும் நான் சொல்வதில் பெரும்பகுதி விண்டோஸுக்கும் பொருந்தும்.

வி.எல்.சி., கோடி, எம்.பி.வி. ஆகிய மூன்று இலவச பிளேயர்களும் ப்ளூ-ரே வட்டின் அமைப்பைப் படிக்க லிப்ப்ளூரே என்ற ஒரே நூலகத்தைத்தான் பயன்படுத்துகின்றன. வட்டில் எந்தக் கோப்பு எந்த வரிசையில் ஓட வேண்டும், அத்தியாயங்கள் எங்கே தொடங்குகின்றன என்பதை அது பார்த்துக்கொள்ளும். பூட்டு என்பது வேறு. ஏ.ஏ.சி.எஸ். பூட்டுக்கு லிப்ஏஏசிஎஸ் என்ற நூலகமும், சில நிறுவனங்கள் கூடுதலாகச் சேர்க்கும் பி.டி. பிளஸ் என்ற பூட்டுக்கு லிப்பிடிபிளஸ் என்ற நூலகமும் தனித்தனியே உள்ளன. இவற்றுள் சாவிகள் கிடையாது. சாவிக் கோப்பை பயனர் தாமே தேடி வைக்க வேண்டும். உங்கள் இலவச பிளேயர் காட்டிய செய்தியின் பொருள் இதுதான். வீட்டில் நாமே பதிவுசெய்த ப்ளூ-ரே வட்டுகளும், பூட்டு இல்லாமல் வெளியான வட்டுகளும் இந்த நூலகங்கள் இல்லாமலே ஓடும். எனவே உங்கள் வட்டுகள் அனைத்தையும் ஒருமுறை வி.எல்.சி.யில் போட்டுப் பார்த்து, ஓடுபவற்றைப் பிரித்து வைத்துவிடுங்கள்.

இந்த வழியில் உள்ள பெரிய இடையூறு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். செல்லாதவையாக்கப்பட்ட மென்பொருள்களின் பட்டியல் ஒவ்வொரு புதிய வட்டிலும் இருக்கும். அந்த வட்டை டிரைவில் போட்டவுடன் பட்டியலை டிரைவ் தனக்குள் நிலையாகப் பதிந்துகொள்கிறது. அதன் பிறகு, நேற்றுவரை ஓடிய பழைய வட்டுகூட அந்த மென்பொருளில் ஓடாமல் போகலாம். தனித்தனி வட்டுக்கு உரிய சாவி கோப்பில் இருந்தால்தான் அப்போது திறக்கும். தமிழ், இந்திப் பட வட்டுகள் உலக அளவில் குறைவாகவே விற்பனையாகின்றன; அவற்றின் சாவியை யாரும் தொகுத்து வைத்திருப்பதற்கான வாய்ப்பு மேலைநாட்டுப் படங்களுடன் ஒப்பிட்டால் மிகக் குறைவு. உங்கள் தொகுப்பில் பெரும்பகுதி இந்திய வட்டுகள் என்பதால் இந்த வழியை நம்பி இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கட்டற்ற மென்பொருளை விரும்புபவனாக இருந்தும் இதைச் சொல்கிறேன்.

மெனுவைப் பற்றியும் ஒரு சொல். ப்ளூ-ரே மெனுக்களில் பல ஜாவா மொழியில் எழுதப்பட்ட சிறு நிரல்கள். 2018-இல் வந்த வி.எல்.சி. 3.0 அவற்றைக் காட்டும், ஆனால் கணினியில் ஜாவாவைத் தனியே நிறுவியிருக்க வேண்டும், வி.எல்.சி. 64 பிட் என்றால் ஜாவாவும் 64 பிட்டாக இருக்க வேண்டும். மெனு இல்லாமல் திறந்தால் வட்டில் உள்ள காட்சித் தொகுப்புகளில் மிக நீளமானதையே படமாக எடுத்துக்கொள்ளும். சில வட்டுகளில் நகலெடுப்பவர்களைக் குழப்புவதற்காகவே காட்சி வரிசையை மாற்றிய போலித் தொகுப்புகளை நூற்றுக்கணக்கில் வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வட்டில் கதை முன்பின்னாக ஓடினால் வட்டு பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

---

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. பூட்டும் சாவியும் இவ்வளவு தூரம் இதைத் தீர்மானிக்கும் என்று நான் அறிந்திருக்கவில்லை. 4கே வட்டுகளை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிடுகிறேன். ஒன்றின் உறைக்குள் சாதாரண வட்டும் இருக்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. தாயாருக்காக சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்க எந்த மென்பொருளில் முடியும்? மேலும், லண்டன் வட்டுகளைப் பழைய பிளேயரில் பார்த்தபோது கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் படம் சற்றே விட்டுவிட்டு அசைவதாகத் தோன்றும். கணினியில் அதைச் சரிசெய்ய வழி உண்டா?

---

திரைக்கூடம் எழுதியது:

இரண்டுமே நல்ல கேள்விகள். மென்பொருள்களுக்கு இடையே உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் தெரியும்.

முதலில் அசைவைப் பற்றி. திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம்களில் எடுக்கப்படுகிறது. வட்டில் அது 23.976 அல்லது 24 என்று பதிவாகும். உங்கள் மானிட்டர் பெரும்பாலும் நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. 24, 60-ஐ மீதமின்றி வகுக்காது என்பதால் ஒரு ஃபிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படுகிறது. வேகமான சண்டைக் காட்சியில் இது தெரியாது. கேமரா சீராக நகரும்போது கண் உடனே கண்டுகொள்ளும். பிரிட்டனின் தொலைக்காட்சித் தொடர்களில் நிலைமை வேறு. அங்கே நொடிக்கு 25 ஃபிரேம். ப்ளூ-ரே தரத்திலோ 1080 வரிகளை முழுமையான ஃபிரேம்களாக வைக்க 24 வேகத்துக்கு மட்டுமே இடம் உண்டு. 25 என்றால் ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாற்றி மாற்றிப் பதியும் இன்டர்லேஸ் முறையில்தான் வைக்க முடியும். அப்படி நொடிக்கு 50 அரைப்படங்களாக இருப்பதை 60 முறை புதுப்பிக்கும் திரையில் காட்டினால், நீங்கள் சொன்ன அந்தத் தடுமாற்றம் வந்தே தீரும்.

தீர்வு திரையின் வேகத்தைப் படத்துக்கு ஏற்ப மாற்றுவதுதான். கோடி மென்பொருளில் ‘படத்துக்கு ஏற்பத் திரையின் புதுப்பிப்பு வேகத்தை மாற்று’ என்ற பொருள்படும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் திரைப்படத்துக்கு 24, லண்டன் தொடருக்கு 50 என்று தானே மாற்றிக்கொள்ளும். மற்ற பிளேயர்களில் அந்த வசதி இல்லாவிட்டால், படத்தைத் தொடங்கும் முன் விண்டோஸின் திரை அமைப்பில் கையாலேயே மாற்றலாம். மானிட்டர்கள் சில 24-ஐ ஏற்காது. தொலைக்காட்சிகள் பொதுவாக ஏற்கும். லண்டன் தொடர்களை ஓட்டும்போது அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால், அரைப்படங்களை முழுப்படமாக்கும் டீஇன்டர்லேஸ் அமைப்பை பிளேயரில் இயக்குங்கள்.

சப்டைட்டில் சற்றுக் கடினம். டிவிடியைப் போலவே ப்ளூ-ரேயிலும் சப்டைட்டில் எழுத்துகளாக இருப்பதில்லை. ஒவ்வொரு வரியும் ஒரு படமாகவே பதிவாகியிருக்கும். எழுத்துருவின் அளவை மாற்றும் அமைப்பு எந்த பிளேயரில் இருந்தாலும் அது எழுத்து வடிவ சப்டைட்டிலுக்குத்தான் பயன்படும், வட்டில் உள்ள இந்தப் படங்களுக்குப் பயன்படாது. ஆகவே அந்த ஒரு வசதியை எதிர்பார்த்து விலை உயர்ந்த மென்பொருளை வாங்காதீர்கள்.

இதற்கு நான் பின்பற்றும் வழி, சொந்த வட்டைக் கணினியில் எம்.கே.வி. கோப்பாக மாற்றிவைத்துப் பார்ப்பது. மேக்எம்கேவி என்ற மென்பொருள் அதைச் செய்யும். படத்தையும் ஒலியையும் மறுபடி சுருக்காமல், வட்டில் உள்ள தரத்திலேயே ஒரே கோப்பாக எடுத்துத் தரும் என்பது இதன் சிறப்பு. சோதனைப் பதிப்பாக இருக்கும்வரை இலவசம் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்கான தற்காலிக உரிம எண்ணை அவர்களே அவ்வப்போது வெளியிடுகிறார்கள், விரும்பினால் நிலையான உரிமத்தையும் வாங்கலாம். அதிலிருந்து சப்டைட்டிலைப் பிரித்து, சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் கொடுத்தால், படமாக உள்ள வரிகளை அது படித்து எழுத்துகளாக மாற்றித் தரும். ஆங்கில வரிகளை நன்றாகவே படிக்கிறது. பெரிய ஐ எழுத்தும் சிறிய எல் எழுத்தும் மட்டும் சில இடங்களில் ஒன்றுக்கொன்று மாறிவிடும் என்பதால் ஒருமுறை கண்ணோட்டம் விட வேண்டும். அதன் பிறகு எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டுமோ, என்ன நிறத்தில் வேண்டுமோ வைத்துக்கொள்ளலாம். உங்கள் தாயாருக்குக் கறுப்புப் பட்டையின் மேல் மஞ்சள் எழுத்து நன்றாகத் தெரியும்.

ஒரு படம் 20 முதல் 40 ஜிபி வரை இடம் எடுக்கும். 2 டிபி ஹார்டு டிஸ்க்கில் ஏறக்குறைய 60 படங்கள் அடங்கும். வட்டு ஒவ்வொன்றையும் எடுக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம், பிறகு வட்டைத் தொடவே வேண்டியதில்லை. கீறல் விழாமல் உறைக்குள் பத்திரமாக இருக்கும்.

ஒலியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ரிசீவர் வைத்திருப்பதால் சொல்கிறேன். ப்ளூ-ரேயில் உள்ள டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகியவை இழப்பின்றிச் சுருக்கப்பட்ட ஒலித்தடங்கள். பிளேயரில் ‘பாஸ்த்ரூ’ அமைப்பை இயக்கினால் கணினி அவற்றைத் தொடாமல் எச்.டி.எம்.ஐ. வழியே ரிசீவருக்கு அனுப்பிவிடும். ரிசீவரின் முகப்பில் அந்தத் தடத்தின் பெயர் தோன்றுவதைக் கொண்டு சரியாகப் போகிறது என்று உறுதிசெய்யலாம்.

---

கொங்கு இசைப்பிரியன் எழுதியது:

திரைக்கூடம் சொன்ன வழி வசதியானதுதான். ஆனால் பூட்டைத் திறந்து கோப்பாக மாற்றுவது சட்டப்படி சரியா என்று பார்க்காமல் பொதுவெளியில் பரிந்துரைப்பது முறையா? நான் உரிமம் பெற்ற மென்பொருளைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

---

ஏட்டறிவு எழுதியது:

இந்தக் கேள்வி எழுந்தது நல்லதே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 65ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பதிப்புரிமையைக் காக்க வைக்கப்பட்ட தொழில்நுட்பப் பூட்டை, அந்த உரிமையை மீறும் நோக்கத்துடன் உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் விதிக்கலாம் என்கிறது அப்பிரிவு. ‘மீறும் நோக்கத்துடன்’ என்ற சொற்கள் முக்கியமானவை. சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத ஒரு நோக்கத்துக்காகச் செய்யப்படுவதை இப்பிரிவு தடுக்காது என்று அதன் உட்பிரிவே சொல்கிறது. அமெரிக்காவில் 1998-இல் வந்த சட்டம் இதைவிடக் கடுமையானது. அங்கே பூட்டை உடைப்பதே பொதுவாகத் தடை, விலக்குகள் தனியே அறிவிக்கப்பட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை அந்தச் சட்டத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

விலை கொடுத்து வாங்கிய வட்டை, செவித்திறன் குறைந்த தாயார் படித்துப் பார்க்கும் வகையில் வீட்டுக்குள்ளேயே மாற்றிக்கொள்வதில் உரிமையை மீறும் நோக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கோப்பைப் பிறருக்குக் கொடுப்பதும், கோப்பை வைத்துக்கொண்டு வட்டை விற்பதும், இரவல் வாங்கிய வட்டை நகலெடுப்பதும் முற்றிலும் வேறு. இது என் வாசிப்பு மட்டுமே, வழக்கறிஞரின் கருத்து அல்ல. சிங்கப்பூரிலோ இங்கிலாந்திலோ இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள் தம் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லோருடைய விளக்கங்களையும் படித்துவிட்டு வட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். பூட்டு இல்லாதவை ஓரிரண்டே, அவை வி.எல்.சி.யில் நன்றாக ஓடுகின்றன. வீட்டில் மற்றவர்கள் மெனுவுடன் பார்ப்பதற்காக உரிமம் பெற்ற பிளேயர் ஒன்றை, புதுப்பிப்புக் காலத்தைக் கேட்டு உறுதிசெய்த பிறகு, ஒரே முறை பணம் செலுத்தும் வகையில் வாங்கப் போகிறேன். தாயார் விரும்பிப் பார்க்கும் படங்களை மட்டும் திரைக்கூடம் சொன்ன முறையில் கோப்பாக்கி, கோடியில் பெரிய எழுத்துடன் வைத்துத் தருவேன்.

கடைசியாக ஒன்று. லண்டன், சிங்கப்பூர், இந்தியா என மூன்று இடத்து வட்டுகள் இருப்பதால், எந்தப் பகுதியில் வட்டு ஓடலாம் என்று வரையறுக்கும் மண்டலக் குறியீடு தடையாக இருக்குமா? டிவிடி டிரைவில் ஐந்து முறைக்கு மேல் மண்டலத்தை மாற்ற முடியாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

---

நான்காம் அலைவரிசை எழுதியது:

ப்ளூ-ரேயில் மண்டலத்தைச் சரிபார்ப்பது டிரைவ் அல்ல, மென்பொருள்தான். டிவிடியில் அந்த எண்ணிக்கை டிரைவுக்குள்ளேயே பதிவாகிவிடும். இங்கே அப்படி இல்லை. இந்தியா சி மண்டலம், இங்கிலாந்து பி, சிங்கப்பூர் ஏ. ஆனால் ஏராளமான வட்டுகள் எந்த மண்டலத்துக்கும் பூட்டப்படாமலே வருகின்றன. 4கே வட்டுகளுக்கு மண்டலமே கிடையாது. உறையின் பின்புறத்தில் ஏ, பி, சி என்ற எழுத்துகளில் எவை அச்சாகியிருக்கின்றன என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் கவலையில்லை.

ஒரே எழுத்து மட்டும் அச்சான வட்டுகளைத் தனியே அடுக்குங்கள். கட்டண பிளேயர்களில் மண்டலத்தை மாற்றுவதற்குப் பொதுவாக ஐந்து முறை என்ற வரம்பு உண்டு என்பதால், முதலில் சி என்று வைத்துக்கொண்டு, சிங்கப்பூர், லண்டன் வட்டுகளையும் அப்படியே போட்டுப் பாருங்கள். ஓட மறுக்கும் வட்டுகளின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, அவை எத்தனை என்று தெரிந்த பிறகே மாற்றுங்கள். வி.எல்.சி.யில் இந்த வரம்பு இல்லை. அதன் விரிவான அமைப்புகளில் ப்ளூ-ரே என்ற பகுதியில் மண்டலத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பூட்டு இல்லாத அந்த ஓரிரண்டு வட்டுகளில் ஏதேனும் மண்டலத்தைக் காரணம் காட்டி நின்றால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள்.